குழல் மாறிய துவக்கு

பாப்பாமோட்டையில் குளம் தூர் வாரிய பெக்கோ இயந்திரம் ஒரு வேட்டைத் துவக்கையும் ஓர் ஆளின் எலும்புகளையும் கிண்டி எடுத்தது. எங்கள் பக்கத்தில் துவக்கோடு காணாமல் போனவர்கள் இரண்டு பேர். என் மனிசன் வலன்ரைன், மற்றது நிறஞ்சலாவின் புருசன் சுபாஸ்கரன். எண்பத்தைந்தில் வயலுக்குப் பன்றிக் காவலுக்கென்று ஒன்றாகப் போனவர்கள், திரும்பவேயில்லை.

பொலிசில் எங்கள் இருவரையும் கூப்பிட்டார்கள். பழைய துவக்குகளை மதிப்பிடும் ஐயா ஒருவர் கொழும்பிலிருந்து வந்திருந்தார். குழலின் துருவைச் சுரண்டி இலக்கத்தை வாசித்தார். ஐம்பத்திரண்டில் செய்ததாம். பழுதில்லாமல் இருந்திருந்தால் லட்சக்கணக்கில் போகுமாம். எனக்கு ஏறிவிட்டது. எலும்பைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு விலை பேசுகிற வாயைப் பார்!

அந்த இலக்கம் சுபாஸ்கரனின் லைசென்ஸ் இலக்கம்தான் என்றார் இன்ஸ்பெக்டர். பிடிப்பக்கத்து இரும்பு மட்டும் அறுபதுக்குப் பிந்தியது மாதிரி இருக்கிறதே என்று கொழும்பு ஐயா முணுமுணுத்தார். ஒருவரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. எனக்கு மட்டும் விளங்கிவிட்டது.

இரண்டும் ஒரே கொம்பனித் துவக்குகள். சுபாஸ்கரனுடையது பழசு, எங்களுடையது மாமா அறுபத்தாறில் வாங்கியது. காணாமல் போவதற்குக் கொஞ்சம் முன்னர் இருவரும் எங்கள் முற்றத்தில் ஒரே சாக்கை விரித்துத் துவக்குகளைக் கழற்றி எண்ணெய் போட்டார்கள். பூட்டும்போது குழல் மாறி, என் மனிசனின் பிடியில் சுபாஸ்கரனின் குழல் ஏறிவிட்டது. குறி நன்றாக விழுகிறது, இருக்கட்டும் என்று சிரித்தார்கள். குழலிலும் உள் இரும்பிலும் ஒரே இலக்கம்தான் அடித்திருக்கும்; லைசென்சுக்குப் பார்ப்பது குழலில் உள்ளதை என்பதால் வெளியே மூச்சுவிடவில்லை. தேத்தண்ணி கொண்டுபோன எனக்கு மட்டும் தெரியும்.

அப்படியென்றால் குளத்துக்குள் கிடந்தது என் மனிசன்.

வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். இந்தியாவில் அகதியாய் இருந்த மண்டபம் முகாமிலும் சரி, ஊருக்கு வந்த பிறகும் சரி, இறந்தவர்களுக்கான பூசையில் அவர் பெயரை நான் கொடுத்ததேயில்லை. கேட்ட ஃபாதரோடும் சண்டை பிடித்தவள் நான். எங்கேயோ இருக்கிறார் என்றுதான் இவ்வளவு காலமும் சீவித்தேன். நான் பேசாவிட்டால் இன்னும் இருப்பார்.

நிறஞ்சலா அழவில்லை. சீலைத் தலைப்பை எடுத்து நெற்றிக்குக் கொண்டுபோனாள். யார் சொல்லியும் இத்தனை வருசமாக அழிக்காத பொட்டு.

நான் அவள் கையைப் பிடித்தேன்.

"அழிக்காதை, விசரி. அது உன்ர ஆளில்லை."

கொழும்பு ஐயாவின் பக்கம் திரும்பினேன். "ஐயா, குழலைக் கழட்டிப்போட்டு உள் இரும்பில அடிச்சிருக்கிற இலக்கத்தைப் பாருங்கோ. கடைசி மூண்டும் நாலு, ஒண்டு, ஏழு. அது என்ர மனிசன்ர."

இறுகிக் கிடந்த குழல் இலேசில் கழலவில்லை. அவர் எண்ணெய் விட்டுத் தட்டிக்கொண்டிருந்த நேரமெல்லாம், நான் சொன்னது பிழையாய்ப் போகட்டும் அந்தோனியாரே என்று மன்றாடியபடி நின்றேன்.

நாலு, ஒன்று, ஏழு என்று அவர் வாசித்தார். நிறஞ்சலாவின் பொட்டு அப்படியே இருந்தது.