பாதி மீசை

தொண்ணூற்றெட்டில் கோவில்பட்டிப் பக்கம் மழையே இல்லை. எங்கய்யா அய்யாத்துரை, மழை பெய்தால் கிடா வெட்டுவதாக ஒத்தப்பனைச் சாமிக்கு நேர்ந்துகொண்டார். மழையும் பெய்தது. நேர்ந்தது அவர், கிடா என்னுடையது. தாயில்லாக் குட்டியைப் புட்டிப்பால் கொடுத்து வளர்த்து, கலெக்டர் என்று பேர் வைத்தவள் நான். என்னிடம் ஒரு வார்த்தை கேட்டாரா மனுசன்?

ஒத்தப்பனைச் சாமி கொடைத் திருவிழாவுக்கு ஆம்பளைகள் மட்டும்தான் போகலாம். பொம்பளை வாடையே சாமிக்கு ஆகாதாம். கிடாவின் தலையில் மஞ்சத்தண்ணி ஊற்றுவார்கள். அது உடம்பைச் சிலுப்பினால் சாமி சம்மதம். சிலுப்பாவிட்டால் வெட்டக் கூடாது. நான் காதைப் பிடித்தால் கலெக்டர் அசையாமல் நிற்பான். அதனால் நான் போயே ஆகவேண்டும்.

அய்யாவின் பழைய சட்டை, கைலி, தலையில் துண்டு, அடுப்புக்கரி மீசை. கண்ணாடியில் பார்த்தால் கயத்தாறு பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிக்கிற ஆள் மாதிரியே இருந்தேன்.

"ஏலே, நீ யாரு வீட்டுப் பய?" என்று கேட்டார் சாமியாடி மாடக்கண்ணு.

"எனக்கு மணியாச்சி ஊரு, அண்ணாச்சி," என்றேன், தொண்டையைக் கரகரப்பாக்கி.

கலெக்டருக்கு வேசம் என்ன தெரியும்? என் வாடை பட்டதும் கயிற்றை இழுத்துக்கொண்டு ஓடிவந்து, உப்பு வேர்வைக்கு ஆசைப்பட்டு முகத்தை நக்கினான். பாதி மீசை போயே போச்சு. சாமி சிலைக்குப் பின்னால் பதுங்கினேன். பயத்தில் அழுகை வந்துவிட்டது.

"அழாதட்டி. என் மீசைல கரியைத் தொட்டு வரைஞ்சுக்கோ. இதுவும் வருசா வருசம் வரையுததுதான்."

சிலைதான் பேசியது. பொம்பளைக் குரல்.

"நீ பொம்பளையா?"

"உன் வயசுதான். காணாமப்போன என் ஆட்டைத் தேடி, ஆம்பளை வேசத்துல இவனுக பாட்டன்மாரு கூட்டத்துக்குள்ள வந்தேன். வேசம் ரொம்பப் பொருந்திருச்சு, கும்பிட்டுட்டானுக. கும்பிட்டா அவ்வளவுதான், கல்லாயிருவோம். மஞ்சத்தண்ணியை நான் பாத்துக்கிடுதேன், நீ பேசாம நில்லு."

மீசையை வரைந்துகொண்டு வந்து நின்றேன். மூன்று குடம் ஊற்றினார்கள். கலெக்டர் சிலுப்பவில்லை. நேராக வந்து என் காலடியில் படுத்துக்கொண்டான்.

மாடக்கண்ணுவுக்கு உடம்பு நடுங்கியது. "பையன் இல்லய்யா இது. சாமியே வந்து நிக்கு," என்று என்னைக் கைகாட்டினார். எங்கய்யா கண்கலங்கி, கும்பிடக் கையைத் தூக்கினார். பிறந்ததிலிருந்து அவர் என்னை அப்படிப் பார்த்ததே இல்லை. அங்கேயே நின்றுவிடலாம் போலிருந்தது. கால்விரல்கள் மரத்துக்கொண்டு வந்தன.

"ஓடுட்டி," என்றாள் சிலை.

கலெக்டரின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓடினேன். ஈரக் கரிசல் இரண்டு செருப்பையும் பிடுங்கிக்கொண்டது.

சாயங்காலம் வீடு திரும்பிய அய்யா, தொழுவத்தில் கலெக்டரைக் கண்டு கன்னத்தில் போட்டுக்கொண்டார். "சாமி நேர்ல வந்துச்சுட்டி. சாயல் அப்படியே உன்னைமாதிரிதான். ஆனா ஆம்பளை," என்றார்.

அன்றிலிருந்து அவர் கலெக்டரை "வாங்க" என்றுதான் கூப்பிட்டார். என்னை இன்னும் "ஏட்டி"தான்.