கிரேன் அக்காவின் ஸ்கேன்

கிரேன் அக்கா செருப்பை ஓரமாக ஒதுக்கிவிட்டு ஸ்கேன் மேசையில் ஏறிப் படுத்தார். எலும்பு முறிவு வார்டின் உதவியாளர். எவ்வளவு கனத்த நோயாளியையும் தனி ஆளாகத் தூக்கி மாற்றுவதால் வந்த பெயர் அது. சொந்தப் பெயர் என் ஸ்கேன் திரையில் இருந்தது. அதைச் சொல்லிக் கூப்பிட யாருக்கும் பழக்கமில்லை, எனக்கும்.

ஐம்பது வயதைத் தாண்டிய உதவியாளர்களுக்கெல்லாம் எலும்பு அடர்த்தி பார்க்கச் சொல்லி உத்தரவு வந்திருந்தது. தேய்மானம் இருந்தால் ஆளைத் தூக்கும் வேலை தரமாட்டார்கள். வேறு வேலையும் தரமாட்டார்கள். அது உத்தரவில் இல்லை, ஆனால் எல்லோருக்கும் தெரியும்.

கால்களை மடக்கி நுரைக்கட்டையின் மேல் வைத்தேன். அக்கா சேலைத் தலைப்பை இழுத்துத் தோளில் போர்த்திக்கொண்டார்.

"குளுருதாக்கா?"

"ஊரையே இந்த மேசையில தூக்கிப் போட்டிருக்கேன். நான் படுக்கறது இதான் மொத தடவ."

இயந்திரத்தின் கை மெல்ல நகர்ந்தது. திரையில் முதுகெலும்பு கீழிருந்து வரி வரியாக ஏறியது. மூன்றாவது எலும்பின் மேல் வெள்ளையாக ஒரு வட்டம், எலும்பைவிடப் பளிச்சென்று.

"காலைல மாத்திர எதாவது போட்டீங்களா?"

"கால்சியம். நாலு. பரீட்சைக்கு முன்னாடி புரட்டிப் பாக்கற மாதிரிதான்."

வயிற்றில் கரையாமல் கிடக்கும் மாத்திரையை இயந்திரம் எலும்பென்றே எண்ணிக்கொள்ளும். அதனால்தான் அன்றைக்குப் போட வேண்டாம் என்று சொல்லி அனுப்புவோம். அக்கா அதை மறந்திருந்தார். மாத்திரையின் தயவில் முதுகின் எண் மயிரிழையில் தேர்ச்சிக் கோட்டைத் தாண்டி நின்றது.

"பாஸா?"

கால்களுக்கு அடியிலிருந்து நுரைக்கட்டையை உருவினேன். அடுத்து இடுப்பு.

"முதுகோட விட்டுடேன் பாப்பா. இங்க தூக்கினா சம்பளமாச்சும் வருது. வீட்டுல படுத்துக் கெடக்கற மனுஷன தூக்கினா திட்டுதான் வருது." சிரித்தார். பிறகு கூரையைப் பார்த்துக்கொண்டு, "அந்த ஆளுக்கும் வேற யாரு இருக்கா," என்றார்.

நிறுத்தியிருக்கலாம். பாதத்தை உள்பக்கமாகத் திருப்பிக் கட்டிவிட்டுப் பொத்தானை அழுத்தினேன். கை அப்படிப் பழகியிருந்தது. இடுப்புக்கு மாத்திரை போய்ச் சேராது. தொடை எலும்பின் கழுத்து சாம்பல் நிறத்தில், புகைபோல வந்தது. தேய்மானம் தெரிய எண்ணைப் பார்க்கவே தேவையிருக்கவில்லை.

"எவ்ளோ?"

"டாக்டர்தான் சொல்லணும்."

"அவர் சொல்றதுக்குள்ள உன் மூஞ்சி சொல்லிடுச்சு." எழுந்து செருப்பைத் தேடினார். "ரிப்போர்ட்ட அனுப்பிட்டியா?"

"இன்னும் இல்ல."

கதவு திறந்தது. ஸ்ட்ரெச்சரில் அடுத்த நோயாளி, பருத்த உடம்புக்காரர். தள்ளி வந்தவர் அதை மேசையோடு ஒட்டி நிறுத்திவிட்டு, வேறு வார்டில் கூப்பிடுகிறார்கள் என்று போய்விட்டார். அக்கா செருப்பை விட்டுவிட்டு ஸ்ட்ரெச்சரைச் சுற்றிக்கொண்டு போனார். இடுப்பை அதன் விளிம்பில் அண்டக் கொடுத்து, விரிப்பின் முனைகளைக் கையில் சுருட்டிக்கொண்டார்.

"வேணாங்க்கா," என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"அந்தப் பக்கம் புடி பாப்பா."

மேசைக்கு இப்பால் நின்று எட்டிப் பிடித்தேன். அக்காவின் தோளுக்குப் பின்னால் திரையில் அந்த இடுப்பு அப்படியே இருந்தது.

"ம், தூக்கு."

இருந்த பலத்தையெல்லாம் கூட்டித் தூக்கினேன். என் பக்கம் கனமே இல்லை.