மேலதிகக் கேள்வி இல்லை

ஜுனைட் எம்.பி. பாராளுமன்றத்தில் கர்ஜித்த வீடியோ நண்பகல் லுஹர் தொழுகைக்கு முன்பே ஊருக்கு வந்து சேர்ந்துவிட்டது. பள்ளிவாசல் குழு, மீனவர் சங்கக் குழு, தையல் வகுப்புக் குழு என்று சுல்பிகாவின் போனில் இருந்த அத்தனை வாட்ஸ்அப் குழுக்களிலும் அது வந்து விழுந்தது. மேலே சிவப்பு எழுத்தில் ‘சபையை அதிரவைத்த கடலோரத்தின் குரல்’ என்று போட்டிருந்தார்கள். எம்.பி. வெள்ளைச் சட்டையில் எழுந்து நிற்கிறார். விரலை நீட்டுகிறார். “கௌரவ அமைச்சர் அவர்களே, கடல் வாசலுக்கு வந்துவிட்டது! இந்த மக்கள் எங்கே போவது?” என்று கேட்கிறார். அந்த இடத்தில் படம் உறைந்து, பின்னால் மேளச் சத்தம் எழும்பி, எம்.பி.யின் சிரித்த முகம் ஒரு வட்டத்துக்குள் வந்து முடிகிறது.

சுல்பிகா அதைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தாள். கேள்வி நன்றாகத்தான் இருந்தது, அதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் அவளுக்கு வேண்டியிருந்தது பதில்.

அவளுடைய வீடு கடற்கரை ஒழுங்கையின் கடைசி வீடு. முன்பெல்லாம் அது கடைசி வீடு அல்ல. அதற்கப்பால் இரண்டு வரிசை வீடுகளும் ஒரு தென்னந்தோப்பும் தோணிகள் இழுத்து வைக்கிற மணல்திட்டும் இருந்தன. எல்லாவற்றையும் கடல் தின்றுவிட்டது. வடக்கே பக்கத்து ஊரிலிருந்து கடலைத் தடுக்கக் கருங்கல் போட்டுக்கொண்டு வந்தார்கள். கல் வந்து வந்து, இவர்கள் ஒழுங்கைக்குக் கொஞ்சம் முன்னால் நின்றுவிட்டது. அங்கே முட்டித் திரும்பிய கடல், தன் ஆத்திரத்தையெல்லாம் இவர்கள் கரையில் கொட்டியது. போன மாரியில் சமையலறைப் பின்சுவருக்கு வெளியே இருந்த முருங்கை மரம் வேரோடு போயிற்று.

அந்த வீடு மகள் றுஸ்தாவுக்கு என்று கட்டியது. அந்தப் பக்கத்து வழக்கம் அப்படி. மகளுக்குத்தான் வீடு, மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பான். பெற்றவர்கள் பின்னால் ஓர் அறையைப் போட்டுக்கொண்டு ஒதுங்கிவிடுவார்கள். றுஸ்தாவுக்கு மருதமுனையில் மாப்பிள்ளை பேசி, பெரியவர்கள் வந்து, பால்சோறும் சாப்பிட்டாயிற்று. மாப்பிள்ளையின் உம்மா கமீலா கெட்டிக்காரி. வீட்டை முன்னால் பார்க்காமல் நேரே பின்கதவைத் திறந்து கடலைப் பார்த்தாள்.

“மச்சி, வீடு நல்ல வடிவு. நான் மறைக்காமக் கேக்கிறன். இதுக்குக் கல்லுப் போடுவாங்களா, மாட்டாங்களா? அதச் செல்லுங்க. மறுகா கலியாணத்துக்கு நாள் வைப்பம்.”

“எம்.பி. பாராளுமன்றத்தில கேக்கப்போறாரு மச்சி. பதில் வந்த ஒடன உங்களுக்குச் செல்றன்,” என்றாள் சுல்பிகா.

அது வாய்க்கு வந்த பேச்சு அல்ல. எம்.பி.யைக் கேட்கவைத்ததே அவள்தான். முருங்கை மரம் போன கையோடு எம்.பி. கேமராக்காரர்களையும் கூட்டிக்கொண்டு கரை பார்க்க வந்தார். அமைச்சர் தனக்கு மிகவும் வேண்டியவர் என்றும், இப்போதே போன் எடுத்துக் கதைக்கிறேன் என்றும் சொன்னார். சுல்பிகா விடவில்லை.

“போன்ல கதைச்சது காத்தோட போயிரும் சேர். சபையில எழும்பிக் கேளுங்க. அங்க செல்ற பதில் எழுத்தில நிக்கும். பிறகு ஒத்தரும் மாத்திக் கதைக்க ஏலா.”

சுற்றி நின்றவர்கள் அவளை மெச்சிப் பார்த்தார்கள். எம்.பி.கூட, “தங்கச்சிக்கு விசயம் தெரியுது,” என்றார். அன்றைக்கு முழுக்க அவளுக்கு மனம் குளிர்ந்திருந்தது.

இப்போது கேள்வி வந்துவிட்டது. பதிலைக் காணவில்லை. சுல்பிகா கணவன் சுபியானிடம் கேட்டாள். அவன் கரைவலைக்காரன், வீட்டுக்குள் குரல் உயர்த்தாத மனிதன்.

“அதான் கேட்டுட்டாரே கா. பிறகென்ன?” என்றான்.

மீனவர் சங்கச் செயலாளர் ஹமீடிடம் கேட்டாள். அவன் வெள்ளிக்கிழமை மாலை அசறுத் தொழுகைக்குப் பிறகு எம்.பி.க்கு வைக்கவிருந்த வரவேற்புக்குப் பதாகை அடிப்பிக்கிற அவசரத்தில் இருந்தான்.

“பதிலா? கேள்வியே இப்பிடி இரிந்தா, பதில் எப்பிடி இரிக்கும் எண்டு நீங்களே யோசிச்சுப் பாருங்க ராத்தா!”

ஊரில் யாரைக் கேட்டாலும் இதே கதை. கேட்டதே பெரிய காரியம் என்று நினைக்கிற சனம். சாமான் வாங்கக் கடைக்குப் போனவன் விலையைக் கேட்டுவிட்டு வெறுங்கையோடு வந்தால் வீட்டில் விடுவார்களா? எம்.பி. என்றால் மட்டும் விலை கேட்டதற்கே பொன்னாடை.

கடைசியில் சுல்பிகாவின் அண்ணன் மகள் நஜ்லாதான் கண்டுபிடித்தாள். கம்பஸில் படிக்கிற பிள்ளை. பாராளுமன்றத்தின் அன்றைய முழு அமர்வும் இணையத்தில் தமிழ் மொழிபெயர்ப்போடு கிடக்கிறது என்று சொல்லி, மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். சுல்பிகாவும் றுஸ்தாவும் அவளுக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்தார்கள்.

எம்.பி. எழுந்தார். அதே வெள்ளைச் சட்டை, அதே விரல், அதே கேள்வி. இந்தமுறை படம் உறையவில்லை. அமைச்சர் எழுந்து ஒரு தாளைப் பார்த்துச் சிங்களத்தில் வாசித்தார். அதன்மேல் மொழிபெயர்ப்பாளரின் குரல், ரயில் வரும் நேரம் சொல்கிறமாதிரி, ஏற்ற இறக்கம் இல்லாமல் வந்தது.

“அ. ஆம், கடலரிப்புத் தொடர்பாக அறிந்துள்ளேன். ஆ. குறித்த கரையோரப் பகுதியில் வசித்த குடும்பங்கள் ஏற்கெனவே வேறிடங்களில் குடியமர்த்தப்பட்டுள்ளன. தற்போது அங்கு எவரும் வசிப்பதில்லை. இ. மேற்படி விடையின் பிரகாரம், தடுப்பணை அமைப்பதற்கான தேவை எழவில்லை.”

“என்னடி செல்றான்?” என்றாள் சுல்பிகா. அவளுக்கு விளங்காமல் இல்லை. விளங்கியதை நம்ப முடியவில்லை.

“மாமி, இங்க ஒத்தரும் இல்லண்டு செல்றாங்க. ஆக்கள் இல்லாத இடத்துக்குக் கல்லுத் தேவையில்லயாம்.”

றுஸ்தா எழுந்து பின்கதவைத் திறந்தாள். கொடியில் காய்ந்துகொண்டிருந்த தன் பர்தாவைப் பார்த்தபடி அப்படியே நின்றாள்.

“பொறுங்க, இன்னும் இரிக்கி,” என்றாள் நஜ்லா. “அமைச்சர் பதில் சென்ன பிறகு, எம்.பி.க்கு இன்னும் ரெண்டு கேள்வி கேக்க உரிம இரிக்கி. மேலதிகக் கேள்வி எண்டு செல்ற. அதில வச்சு மடக்கலாம்.”

சபாநாயகர் கேட்டார்: “மேலதிக வினாக்கள் உண்டா?”

எம்.பி. பாதி எழுந்தார். விரல் நீளவில்லை. “மேலதிக வினா இல்லை, கௌரவ சபாநாயகர் அவர்களே. விரிவான பதிலுக்காகக் கௌரவ அமைச்சர் அவர்களுக்கு எனது நன்றி.” உட்கார்ந்து, பக்கத்தில் இருந்தவரிடம் எதையோ சொல்லிச் சிரித்தார்.

சுல்பிகாவுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. எழுத்தில் நிற்கவேண்டும் என்று அடம்பிடித்தவள் அவள். இப்போது எழுத்தில் நின்றுவிட்டது, அந்தக் கரையில் யாரும் இல்லை என்று. இனி எந்த அரசாங்கக் கந்தோருக்குப் போனாலும் அந்தப் பதிலை எடுத்து முகத்துக்கு நேரே நீட்டுவார்கள். போனில் கதைத்திருந்தால் காற்றோடாவது போயிருக்கும். அமைச்சரை அவளுக்குத் தெரியாது. யாரோ எழுதிக்கொடுத்ததை வாசித்த மனிதன். எழுதிக்கொடுத்தவனும் இந்தக் கரைக்கு வந்து பார்த்திருக்கமாட்டான். ஆனால் இவர் வந்தவர். இவருக்குத் தெரியும். தெரிந்துகொண்டு நன்றி சொன்னார்.

வெள்ளிக்கிழமை கடற்கரை மைதானத்தில் கதிரை போட்டு, மேடை போட்டு, ‘கடலோரத்தின் குரலே வருக’ என்று பதாகை கட்டியிருந்தார்கள். பெண்களுக்கு ஒரு பக்கம் தனியாக இடம். ஹமீட் பொன்னாடை போர்த்தினான். எம்.பி. பேசினார். தூங்காத இரவுகள், மக்களின் கண்ணீர், தன்னுடைய உயிர் என்று வழக்கமான எல்லாம் வந்தன. “அமைச்சரின் பதில் நமக்குச் சாதகமாகவே இருக்கிறது!” என்றபோது பலமாகக் கைதட்டினார்கள்.

சுல்பிகா எழுந்து நின்றாள்.

“சேர், அமைச்சர் என்ன பதில் சென்னாரு?”

கைதட்டல் இன்னும் ஓயவில்லை. அவள் மறுபடியும், மேடைக்குக் கேட்கும்படி சத்தமாகக் கேட்டாள். எம்.பி. நெற்றியில் கைவைத்துப் பெண்கள் பக்கம் பார்த்தார். ஆளை அடையாளம் கண்டு சிரித்தார்.

“சாதகமான பதில் தங்கச்சி. நடவடிக்கை எடுப்பாங்க.”

“நான் முழுக்கப் பாத்தன் சேர். இங்க ஒத்தரும் இல்லண்டு சென்னாரு. ஒத்தரும் இல்லாத இடத்துக்குக் கல்லுத் தேவையில்லண்டு சென்னாரு. நீங்க எழும்பி நன்றி சென்னீங்க.”

கதிரைகளில் இருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். ஹமீட் ஓடிவந்து, “ராத்தா, கூட்டம் முடிய ஆறுதலாக் கதைப்பம், இரிங்க,” என்றான்.

“நீ இரி தம்பி. சேர், உங்களுக்கு இன்னும் ரெண்டு கேள்வி இரிந்திச்சி. ‘அங்க ஆக்கள் இரிக்காங்க, நான் கண்ணால கண்டன்’ எண்டு ஒரு வார்த்த செல்ல ஏலாமப் போயிட்டா? எங்கட முத்தத்தில நிண்டு, என்ட கையால தேத்தண்ணி வாங்கிக் குடிச்ச ஆள் நீங்க. ஒத்தரும் இல்லண்டா, உங்களுக்குத் தேத்தண்ணி தந்தது ஆரு?”

யாரோ சிரித்துவிட்டு உடனே அடக்கிக்கொண்டார்கள். எம்.பி.யின் முகம் கறுத்தது. மேடைத் தமிழ் போய் ஊர்ப் பேச்சு வந்தது.

“தங்கச்சி, உங்களுக்கு அரசியல் விளங்காது. அமைச்சர் நமக்கு வேண்டிய ஆள். சபையில வச்சு அவரோட முட்டினா, பிறகு இந்த ஊருக்கு ஒரு வேலையும் நடக்காது. சில விசயங்கள நயமாத்தான் எடுக்கணும்.”

“அப்ப விரல நீட்டிக் கத்தினது ஆருக்கு சேர்? அவருக்கா, எங்களுக்கா?”

“பொம்புளைக்கி இவ்வளவு வாய் கூடாது,” என்று முன்வரிசையில் ஒரு குரல் கேட்டது. அப்போதுதான், ஆண்கள் பக்கத்தின் கடைசியில் இருந்த சுபியான் எழும்பினான். அவன் கூட்டத்தில் பேசி ஊரில் யாரும் கண்டதில்லை.

“அவ கேட்டதுக்குப் பதிலச் செல்லிப்போட்டுப் போங்க சேர்.”

எம்.பி. கடிகாரத்தைப் பார்த்தார். அடுத்த அமர்வில் இன்னும் காரமாக ஒரு கேள்வி போடுவதாக ஒலிவாங்கியில் அறிவித்தார். அதற்கும் கொஞ்சப்பேர் கைதட்டினார்கள். கைதட்டிப் பழகிய கை சும்மா இருக்குமா? ஹமீட் கூட்டத்தை முடிக்க அவசரமாகத் துஆ ஓதுவிக்க ஆளைக் கூப்பிட்டான். பொன்னாடையோடு எம்.பி. வாகனத்தில் ஏறினார். மைதானத்தில் சனம் கலையாமல் நின்றது.

அந்தி மஃரிப் தொழுதுவிட்டு எழும்பும்போது சுல்பிகாவின் போன் அடித்தது. கமீலா.

“மச்சி, ஒரே வீடியோவா வருது. நீங்க எழும்பி நிக்கிறீங்க, எம்.பி. உங்களப் பாத்துச் சிரிக்காரு. பாட்டுப் போட்டிரிக்கி, கதைக்கிறது கேக்கல்ல. கீழ எழுதியிரிக்கி, ‘தாய்மாரின் கண்ணீரைத் துடைத்த எம்.பி.’ எண்டு. அல்ஹம்துலில்லாஹ்! அப்ப கல்லுப் போடுவாங்கதானே? நாள் வைப்பமா?”

சுல்பிகாவின் கோபத்தையும் எம்.பி.யின் ஆட்கள் வெட்டி எடுத்துத் தங்கள் பெருமைக்குப் பூசிக்கொண்டார்கள். றுஸ்தா தொழுகைப் பாயை மடிக்காமல் உம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஓம் என்று ஒரு சொல் போதும். நாள் வைத்துவிடுவார்கள். நிக்காஹ் முடிந்துவிடும். பிறகு வருகிற மாரியைப் பிறகு பார்க்கலாம். சாதகமாக இருக்கிறது, நடவடிக்கை எடுப்பார்கள், இன்ஷா அல்லாஹ். எவ்வளவு லேசாக வருகிறது வாயில்! இப்படிச் சொல்லித்தான் எம்.பி.மாரும் பழகியிருப்பார்கள்.

“இல்ல மச்சி,” என்றாள். “கல்லுப் போடமாட்டாங்க.”

“என்னகா செல்றீங்க? எம்.பி. கண்ணீரத் தொடைச்சாரு எண்டல்லவா எழுதியிரிக்கி?”

“அவருட கதைய விடுங்க. நீங்க கேட்டது என்னட்ட. நான் செல்றன். கல்லு வராது. இங்க ஒத்தரும் இல்லண்டு எழுதிப்போட்டாங்க. இந்த வீடு இன்னும் எத்தின மாரிக்கு நிக்கும் எண்டு எனக்குத் தெரியா.”

அந்தப் பக்கம் கமீலா மூச்சை இழுத்து விடுவது கேட்டது.

“அப்ப என்ட மகன் வரமாட்டான் மச்சி,” என்றாள் கமீலா. “மன்னிச்சிக்குங்க. உங்கட புள்ளயில ஒரு குறையும் இல்ல. தெரிஞ்சுகொண்டு அவனக் கடலுக்குள்ள அனுப்ப எனக்கு ஏலா.”

“ஓம் மச்சி,” என்றாள் சுல்பிகா.

கமீலாமேல் அவளுக்குக் கோபம் வரவில்லை. இத்தனை நாள் இத்தனை பேரிடம் கேட்டு அலைந்ததில், நேராகக் கிடைத்த பதில் அது ஒன்றுதான்.

“என்னவாம் உம்மா?” என்றாள் றுஸ்தா.

சுல்பிகா போனைக் கீழே வைத்துவிட்டு மகளுக்கு எதிரே உட்கார்ந்தாள். கமீலா சொன்னதை, ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல், அப்படியே சொன்னாள்.