ம் என்றால் சம்மதமா

...ராணியைத்தான் கொடுத்திருக்க வேண்டும், குதிரை அதற்கப்புறம், ராணியை அவருடைய ராஜாவுக்குப் பக்கத்துக் கட்டத்தில் கொண்டுபோய் வைத்தால் ஜேசுராஜ் அண்ணாச்சி யானையால் வெட்டியே ஆக வேண்டும், வெட்டினால் ராஜா மூலையில் சொந்த ஆட்களுக்குள்ளேயே அடைபட்டு நிற்கும், குதிரை ஒரே தாவு, ஆட்டம் முடிந்தது... இதற்கு என்ன பெரிய மூளை வேண்டும், செஸ் ஆடப் பழகிய பிள்ளைக்கெல்லாம் தெரிந்த வித்தை. மாவட்டப் போட்டி முடிந்து தேனியில் ஏறிய பஸ் வீரபாண்டியைத் தாண்டிவிட்டது, சுபாஸ்ரீக்கு இருப்புக் கொள்ளவில்லை, ஜன்னல் பக்கம் சீட்டு கிடைத்தும் முள்மேல் உட்கார்ந்த மாதிரி நெளிகிறாள். ஜெயித்திருந்தால் சென்னையில் நடக்கும் மாநிலப் போட்டிக்கு அவள், டிரா ஆனதால் அரைப் புள்ளி முன்னால் இருந்த அண்ணாச்சி. எல்லாம் ஒரு ‘ம்’மால் வந்த வினை. டிரா வைத்துக்கொள்வோமா என்று அவர் கேட்டாராம், இவள் ம் என்றாளாம்... யார் என்ன சொன்னாலும் ம் கொட்டுவது அவள் பழக்கம், அம்மா சீரியல் கதை சொன்னாலும் ம், ஆபீசில் ராஜமணி சார் மழையைப் பற்றிப் புலம்பினாலும் ம், அதற்குச் சம்மதம் என்றா அர்த்தம்? போடியில் பெயின்ட் கடை வைத்துப் பொழுதுக்கும் பேரம் பேசுகிற மனுசனுக்கு இந்த வித்தியாசம் தெரியாதா? தெரிந்தேதான் கையை நீட்டினாரா? ஆனால் அந்த முகத்தில் கள்ளம் இல்லையே, வேர்த்துப்போய், உயிர் பிழைத்தவர் மாதிரியல்லவா இருந்தார்... சரி, அவர் நீட்டினார், இவள் ஏன் கை கொடுத்தாள், இல்லை அண்ணாச்சி, யோசித்துக்கொண்டிருக்கிறேன் என்று சொல்வதற்கென்ன, வாயில் கொழுக்கட்டையா இருந்தது?

சின்னமனூர் வரும்போது அப்பா போன் செய்தார், காமயகவுண்டன்பட்டித் தோட்டத்திலிருந்துதான், பின்னால் மருந்தடிக்கும் மோட்டார் இரைச்சல். வீட்டில் விடமாட்டார்கள் என்று பழிபோடவும் வழியில்லை, சென்னைக்குப் போக சக்கரம் வைத்த பெட்டி வாங்கி வைத்திருப்பதே அவர்தான். சும்மா சொன்ன ‘ம்’மைச் சம்மதமாக எடுத்துக்கொண்டார் என்று சொன்னாள், சொல்லச் சொல்ல அது உண்மைபோலவே இருந்தது. அப்பா கொதித்துவிட்டார், இப்போதே தேனிக்கு வருகிறாராம், போட்டி நடத்தியவர்களை வைத்துக்கொண்டே அண்ணாச்சியை நாக்கைப் பிடுங்குகிற மாதிரி கேட்கப்போகிறாராம், அவள் சின்னமனூரிலேயே இறங்கி நிற்க வேண்டுமாம். பிறகு குரல் தணிந்தது. “ஒண்ணு மட்டும் சொல்லுத்தா. அவுக டிரா கேட்டது ஒன் காதுல விழுகல, அதான?”

விழவில்லை என்று சொல்லத்தான் வாயெடுத்தாள்... ராணியைத் தூக்கக் கை போனது, கணக்குத் தப்பினால், ராணியையும் கொடுத்துவிட்டுத் தோற்றால், அத்தனை பேரும் சிரித்தால்... பயம், வெறும் பயம், அந்த நேரம் பார்த்துத்தான் எதிரிலிருந்து அவ்வளவு இதமாக, டிரா வச்சுக்கிருவோமா தாயி என்று... கேட்டதே, ஒவ்வொரு எழுத்தும் கேட்டதே, கேட்டதும் அப்பாடா என்று இருந்ததே. கண்டக்டர் சின்னமனூர் சின்னமனூர் என்கிறார், அவள் எழுந்துவிட்டாள், இறங்கவா உட்காரவா தெரியவில்லை.

“ஏத்தா, லைன்ல இருக்கியா?” என்கிறார் அப்பா. அவர் பைக்கைக் கிளப்பும் சத்தம் கேட்கிறது.