குழிய மூடிட்டு வந்தியா?

கிளெம் மண்ணுக்கடியில் தங்கம் கண்டுபிடிக்கும் மெஷினைப் போர்வையில் சுற்றி வண்டியின் பின்னால் வைத்துக்கொண்டிருந்தபோது டல்சி வாசலுக்கு வந்துவிட்டாள். டல்சி அவர் மனைவி வெர்னாவின் தங்கை. அக்கா படுத்த நாளிலிருந்து இங்கேயே தங்கி, அடுப்படியையும் கிளெமையும் ஒருசேர அதட்டிக்கொண்டிருந்தாள்.

"இன்னிக்குத் தாண்டுறதே கஷ்டம்னு நர்ஸ் சொல்லிட்டுப் போயிருக்கா. நீ தங்கம் தேடக் கெளம்பிட்டியாக்கும்?"

"வெர்னாதான் போகச் சொன்னா."

"போகச் சொன்னா சரி. மெஷின எடுத்துட்டுப் போகச் சொன்னாளா?"

சொல்லவில்லை. எடுத்துப்போகாதே என்றுதான் சொல்லியிருந்தாள். கிளெம் வண்டியைக் கிளப்பினார்.

இருபத்திரண்டு வருடங்களாகக் கிளெமுக்கும் வெர்னாவுக்கும் ஒரு வேலைப் பிரிவினை இருந்தது. ரயில்வேயில் தண்டவாளம் போட்டு ஓய்ந்தவர் அவர். தபாலாபீசில் முத்திரை குத்தி ஓய்ந்தவள் அவள். வெர்னா முன்னறையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து நூற்றெழுபது வருடத்துப் பழைய பத்திரிகைகளை வரி விடாமல் படிப்பாள். அந்தக் காலத்தில் தங்கம் தோண்ட வந்தவர்கள் எந்த ஓடையில் எத்தனை கூடாரம் போட்டிருந்தார்கள், எந்த மாதம் காலி செய்தார்கள் என்று கண்டுபிடித்து, வரைபடத்தில் சிவப்புப் புள்ளி வைப்பாள். கிளெம் அங்கே போய் மெஷினை ஆட்டுவார். புள்ளி பொய்த்தது அபூர்வம். கிளெமுக்கு உடம்பெல்லாம் மச்சம் என்று ஊரில் பேச்சு. மச்சம் முன்னறையில் கண்ணாடி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தது யாருக்கும் தெரியாது.

மாலையில் திரும்பி வந்தால் என்ன கிடைத்தது என்று அவள் ஒரு நாளும் முதலில் கேட்டதில்லை. "குழிய மூடிட்டு வந்தியா?" என்பதுதான் முதல் கேள்வி. மூடிவிட்டேன் என்ற பிறகுதான் தேநீர் வரும். துருக்கறை ஓடிய வெள்ளை வெங்கச்சங்கல்லைக் கண்டால் சட்டைப்பையில் போட்டுக்கொள்வது அவர் கையின் பழக்கம். அதில் தங்கம் ஒட்டியிருக்கலாம் என்ற நப்பாசை. துவைக்கிற அன்று அவள் அந்தக் கற்களை எடுத்து ஜன்னல் திட்டில் வரிசையாக வைப்பாள்.

அதே வரைபடத்தில் பதினொரு பென்சில் வட்டங்களும் இருந்தன. அங்கே ஒன்றும் கிடையாது, பெட்ரோலுக்குக் கேடு என்பாள். கிளெம் பல வருடம் நம்பினார். பிறகு எப்போதோ மனதில் ஒரு முள் விழுந்துவிட்டது. ஒன்றுமில்லாத இடத்துக்கு ஒரு மனுஷி எதற்காக இவ்வளவு அழகாக வட்டம் போட வேண்டும்? நல்லதையெல்லாம் ஒளித்து வைக்கிறாளோ என்று நினைத்தார். நினைத்ததற்கு வெட்கப்பட்டார். வெட்கம் வந்தும் நினைப்பு போகவில்லை.

இன்று காலை, எலும்பாகிப்போன விரலை அந்த வட்டங்களில் ஒன்றின்மேல் வைத்தாள். பட்டினி ஓடை. போய் எத்தனை இருக்கிறது என்று எண்ணிக்கொண்டு வா, ஓடையைத் தாண்டி மேட்டுக்குப் போ, போனால் தெரியும் என்றாள். நாற்பது கிலோமீட்டரும், திரும்புவதற்குள் போய்விடுவாளோ என்ற பயத்தில் வண்டியை விரட்டினார். ஒளித்து வைத்ததைக் கடைசியில் காட்டிவிட்டாள் என்ற ஆசையும் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து கூடவே வந்தது.

மண்பாதை முடிந்த இடத்தில் இறங்கி நடந்தார். அந்தக் காலத்தவர்கள் தோண்டிப் போட்ட மண்மேடுகளில் வேலமரங்கள் மஞ்சளாகப் பூத்திருந்தன. ஓடையைத் தாண்டி மேட்டில் ஏறி, மெஷினின் ஹெட்போனைக் காதில் மாட்டினார். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. மெஷின் முனகியது. ஆணிக்கும் தகரத்துக்கும் அது கத்தும். தங்கத்துக்குத்தான் அப்படித் தாழ்ந்த குரலில் முனகும். மண்டியிட்டு, யூக்கலிப்டஸ் சருகுகளை ஒதுக்கி, தடுத்த வெள்ளைக் கற்கள் நாலைந்தைப் பிடுங்கி எடுத்து, களைக்கொத்தால் ஒரு சாண் கீறினார்.

பிறகுதான் மற்ற கற்களைப் பார்த்தார். அவை சிதறிக் கிடக்கவில்லை. ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு, ஒரு முழ நீளத்துக்கு நீள்வட்டமாகப் பதிக்கப்பட்டிருந்தன. பக்கத்தில் இன்னொரு நீள்வட்டம். அதற்கப்பால் ஒன்று. தலையை நிமிர்த்தினார். மேடு முழுக்கச் சருகுக்கடியில் வெள்ளை வெள்ளையாக வரிசை போயிற்று. எல்லாம் சூரியன் உதிக்கும் பக்கம் காலை நீட்டியிருந்தன. எல்லாமே சின்னது.

கிளெம் ஹெட்போனைக் கழற்றினார். அப்புறம் தொப்பியையும் கழற்றினார். சில நீள்வட்டங்களில் பெரிய கற்கள், அவசரமாக வைத்தவை. ஒன்றில் கற்கள் தலைமாட்டில் பெரிதாகத் தொடங்கிக் கால்மாட்டில் கோலிக்குண்டு அளவுக்குச் சிறுத்துக்கொண்டே போயின. யாரோ ஒருவர் இதற்காக நாள் முழுக்க ஓடையில் கல் பொறுக்கியிருக்க வேண்டும். தங்கம் எந்தக் கல்லில் ஒட்டியிருக்கும் என்று தெரிந்தவர்கள், அந்தக் கல்லையே எடுத்து, புதைத்த பிள்ளையைச் சுற்றி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். இத்தனை வருடத்தில் எந்தக் காட்டிலும் கிளெம் இப்படி நின்றதில்லை. கீறிய மண்ணைக் கையாலேயே தள்ளி, கற்களைத் திரும்ப வைத்து, மெல்ல நடந்து எண்ணினார்.

வீட்டுக்கு வந்தபோது வெர்னா விழித்திருந்தாள். டல்சி எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள்.

"எத்தனை?"

"முப்பத்து நாலு."

"பேப்பர்ல பதினெட்டுதான் வந்துச்சு" என்றாள். மற்றப் பதினாறையும் போர்வையின்மேல் விரலால் ஒவ்வொன்றாகத் தட்டி எண்ணினாள்.

பிறகு விட்டு விட்டுச் சொன்னாள். ஆண்கள் மட்டும் இருந்த ஓடை ஒரு மாதத்தில் காலியாகிவிடும். தங்கம் நீடித்துக் கிடைக்கும் இடத்துக்குத்தான் பெண்களைக் கூட்டி வருவார்கள். கோடையில் தண்ணீர் கெட்டுப் பிள்ளைகள் வயிற்றுப்போக்கில் சாகும், அது பத்திரிகையில் இரண்டு வரி வரும். அந்த இரண்டு வரிகளைத்தான் இருபத்திரண்டு வருடமாகத் தேடித் தேடிப் படித்திருக்கிறாள்.

"பிள்ளைங்க செத்த எடத்துலதான் தங்கம் இருந்துச்சு, கிளெம். அதுங்கள வச்சுத்தான் புள்ளி வச்சேன். பொதைச்ச எடத்த மட்டும் பென்சில்ல வளைச்சுட்டேன்."

"எங்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"சொன்னா நீ தோண்டியிருக்க மாட்ட. அப்ப நமக்குக் கூரை மாத்த வேண்டியிருந்துச்சு."

கிளெமுக்குச் சிரிப்பு வந்தது, கண்ணும் நிறைந்தது. நாள் தவறாமல் எதிரே உட்கார்ந்து ரொட்டியில் வெண்ணெய் தடவிய பெண், அத்தனை பிள்ளைகளோடும் தனியாகப் பழகிக்கொண்டிருந்திருக்கிறாள். இவளையா சந்தேகப்பட்டோம் என்று அவர் குறுகிப்போனார்.

"மெஷின் எடுத்துட்டுப் போனியா?"

"போனேன்."

"முனகுச்சா?"

"முனகுச்சு."

அவள் கோபப்படவில்லை. கண்ணை மூடிக்கொண்டே கேட்டாள்.

"குழிய மூடிட்டு வந்தியா?"

"மூடிட்டேன், வெர்னா."

பிற்பகல் மூன்றரை மணிக்கு அவள் மூச்சு நின்றது. டல்சி கொண்டுவந்து வைத்த தேநீரில் அப்போதும் ஆவி வந்துகொண்டிருந்தது.

மறுநாள் காலை கிளெம் முகம் கழுவிவிட்டுத் திரும்பியபோது, டல்சி முந்தின நாள் சட்டையைத் துவைக்கப் போட்டிருந்தாள். பையிலிருந்ததை எடுத்து, அக்கா வைப்பது போலவே ஜன்னல் திட்டில் வைத்திருந்தாள். கோழிமுட்டை அளவில் ஒரு வெள்ளைக் கல். நடுவில் துருக்கறை.

கிளெம் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். நேற்று மேட்டில் கை தன் பழக்கத்தைச் செய்திருக்கிறது. அவளிடம் கடைசியாகச் சொன்னது பொய்யாகிவிட்டது. கல்லைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு தொப்பியைத் தேடினார்.

"பாதிரியார் பத்து மணிக்கு வராரு. இப்ப எங்க?" என்றாள் டல்சி.

"ஒரு கல்ல வச்சுட்டு வந்துடறேன்."

அவள் அவர் கையைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள். "மெஷின்?"

"வேண்டாம்."

மேட்டில் பனி இன்னும் விலகவில்லை. கல் இருந்த இடம் ஈரமாக, அதே வடிவத்தில் பள்ளமாக இருந்தது. உள்ளே ஒரு எறும்பு சுற்றிக்கொண்டிருந்தது. அது வெளியே போகும்வரை கிளெம் காத்திருந்தார். கல்லை வைத்தார், ஆடியது. திருப்பி வைத்தார், அப்போதும் ஆடியது. கறை ஓடிய பக்கத்தை உள்பக்கமாகத் திருப்பி வைத்தபோது ஆடாமல் உட்கார்ந்தது.