பாதி யாருடையது

“இவ ரத்தத்துலேயே ஏதோ கோளாறு. இல்லன்னா ஒம்பது மாசக் குழந்தை, கழுத்துகூட நிக்காமப் போய்ச் சேருமா?”

மாமியார் சமையலறையில் நின்றுகொண்டு யாரிடமோ சொல்வதுபோலத்தான் சொன்னாள். ஆனால் கூடத்தில் துணி மடித்துக்கொண்டிருந்த மருமகளுக்குக் கேட்க வேண்டும் என்றுதான் அவ்வளவு குரல். சாப்பிட்டதும் மகனுக்கு வேறு பெண் பார்க்கக் கிளம்புகிறார்கள். மருமகள் கையெழுத்துப் போட்டு விலக வேண்டியதுதான் பாக்கி.

அவளுக்கு வாய் இல்லாமல் இல்லை. குழந்தை போனதிலிருந்து நெஞ்சு மரத்துக் கிடந்தது, அவ்வளவுதான். உருண்டை என்றுதான் அவனைக் கூப்பிடுவார்கள். அப்படிக் கொழுகொழுவென்று பிறந்தவன். கடைசியில் பால் உறிஞ்சத் தெம்பில்லாமல் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு கிடந்தான்.

செல்லுக்குள் எந்தப் புரதம் எதனோடு ஒட்டுகிறது என்று கண்டுபிடிப்பது அவள் வேலை பார்க்கும் ஆய்வுக்கூடத்தின் வேலை. செல்லை உடைத்த குளிர்ந்த கரைசலில் பொடிக் காந்த மணிகளைப் போடுவார்கள். மணி ஒரே ஒரு புரதத்தைத்தான் பிடிக்கும். மற்றதையெல்லாம் கழுவி ஊற்றினால் அதுவும், அதைப் பிடித்திருந்த கூட்டாளியும் மிஞ்சும். தசையைத் தாங்கும் ஒரு புரத ஜோடியை அவள் அப்படித்தான் கண்டுபிடித்தாள். ஆய்வுக்கூடமே கைதட்டியது. அப்போது உருண்டை வயிற்றில் இருந்தான்.

பிறகு மருத்துவமனையில் எடுத்த அவனுடைய தசைத் துணுக்கு வந்தது. “உன் குழந்தையோடத நீ செய்ய வேணாம்மா” என்று ஆய்வுக்கூடத் தலைவர் தடுத்தார். கேட்டால்தானே! கழுவிப் பார்த்தாள். புரதம் தனியாக வந்தது, கூட்டாளி வரவில்லை. பலமாகக் கழுவிவிட்டோமோ என்று மறுபடி மெல்ல, அவனைக் குளிப்பாட்டுவதுபோலக் கழுவினாள். அப்போதும் வரவில்லை. தசையைத் தாங்கும் அந்த ஜோடி அவன் உடம்பில் சேரவே இல்லை. குழாயைக் கையில் வைத்துக்கொண்டு ஓவென்று அழுதாள்.

இன்று துணியைக் கீழே வைத்தாள்.

“அத்தை, என்கிட்டேருந்து மட்டும் அந்தப் பழுது வந்திருந்தா உருண்டை நல்லா இருந்திருப்பான். அப்பாகிட்டேருந்தும் வந்தாத்தான் இப்படி ஆகும். பாதி என்னுது, பாதி உங்க பையனோடது. அவருக்கும் ரத்தம் எடுத்துப் பாத்தாச்சு, அவர்கிட்டயும் அது இருக்கு. கேளுங்க.”

கணவன் தரையைப் பார்த்தான். புண்ணியவான், முடிவு வந்த நாளிலிருந்து அந்தத் தரையைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறான்.

மாமனார் விட்டுக்கொடுக்கிற ஆளா? “எங்க வம்சத்துல அதெல்லாம் கிடையாது. அவன்கிட்ட இருந்தா, அது இவகிட்டேருந்து வந்ததாத்தான் இருக்கும்” என்று சமையலறைப் பக்கம் கையைக் காட்டினார்.

மாமியார் கரண்டியோடு வெளியே வந்தாள்.

“இவனுக்கு முன்னால எனக்கு ஒரு பொண்ணு பொறந்துச்சு” என்றாள் மருமகளிடம். “அவளுக்கும் கழுத்து நிக்கல. ராசி கெட்டவள்னு என்னை இந்தக் கூடத்துல உக்காரக்கூட விடல. அதுவும் இதானா?”

“இதாத்தான் இருக்கணும் அத்தை.”

“அப்போ... பாதி?”

“பாதி மாமாவோடது.”

கரண்டி கை நழுவி விழுந்தது. “நான்தான் கொன்னுட்டேன்னு இத்தனை வருஷமா நெனச்சுக்கிட்டிருந்தேனேடி. அவ மொகத்த நெனச்சுப் பாக்கவே பயந்துக்கிட்டு... அதே வாயால உன்னையும் சொன்னேனே, பாவி!”

மருமகள் ஓடிப்போய்த் தாங்கிக்கொண்டாள்.

“பழங்கதையெல்லாம் இப்ப எதுக்கு?” என்றார் மாமனார். “பொண்ணு வீட்டுல காத்துக்கிட்டிருப்பாங்க. சோத்தப் போடு.”

மாமியார் கண்ணைத் துடைத்தாள். கூடத்தின் நடுவே, மாமனார் எப்போதும் உட்காரும் நாற்காலியில் போய் உட்கார்ந்தாள்.

“போட்டுக்கிட்டுச் சாப்பிடுங்க. அங்க போனா, அந்தப் பொண்ணோட அம்மாகிட்ட மொதல்ல என் பொண்ணப் பத்திச் சொல்லணும். நீங்க சொல்லலன்னா நான் வந்து சொல்றேன்.”

கணவன் முதல்முறையாகத் தலையை நிமிர்த்தினான்.

மாமியார் மருமகளின் கையைப் பிடித்துப் பக்கத்தில் இழுத்து உட்கார வைத்தாள். “அவளுக்கும் உருண்டை மாதிரியே கன்னம்டி” என்றாள்.

மாமனார் மறுபடியும் சோறு கேட்டார். இரண்டு பேரும் எழுந்திருக்கவில்லை.