வடக்கே போகும் வேன்

கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு வடக்கே குவீன்ஸ்லாந்து கரையோரம் சுற்ற, என் கணவர் க்ளென் படுக்கை, அடுப்பு எல்லாம் உள்ள கேம்பர்வேன் ஒன்றை வாடகைக்குப் பிடித்துவிட்டார். எங்கள் மெல்பர்ன் வீட்டுச் சாப்பாட்டு மேசை முழுக்க வரைபடம். ஒரு கடற்கரையைக்கூடக் குறிக்காமல் விட்டுவைக்கவில்லை மனிதர்.

"தினம் காலையில கடல் குளியல்தான்!" என்றார். மகள் டீகன் அப்போதே நீச்சல் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ரொட்டி தின்றாள்.

எனக்கு மனசு ஒப்பவில்லை. குவீன்ஸ்லாந்தின் வடக்கே கெய்ர்ன்ஸில் இருக்கும் என் அண்ணன் ராஸுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன்.

"டிசம்பர்லயா? மாப்ளே, மூளைய அடகு வச்சுட்டியா?" என்று அண்ணன் சிரித்தார். "கடல்ல ஜெல்லிமீன், கொட்டினா ஆளே காலி. ஆத்துல முதலை. மேல விடாத மழை. இங்கயே குடியிருக்கற நாங்களே காலை நனைக்க மாட்டோம்."

க்ளென் முகம் தொங்கிப்போனது. "அப்போ லீவுக்கு நீங்கல்லாம் என்னதான் மச்சான் பண்ணுவீங்க?"

அண்ணன் கொஞ்சம் இழுத்தார்.

"அதைச் சொல்லத்தான் நானே கூப்பிடணும்னு இருந்தேன். நாங்களும் வேன் எடுத்துட்டோம். உங்க வீட்டு வாசல்லதான் நிறுத்தப்போறோம்."